ரயில் நடுவழியில் ஏன் நிற்கிறது? காற்று பிரேக்கின் கதை

கோடை விடுமுறை வந்தாலும் பொங்கல் வந்தாலும் நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேர் ரயிலில்தான் இருப்போம். டெல்லியிலிருந்து சென்னைக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல். நாக்பூர், போபால், கொல்கத்தா, மும்பை எங்கிருந்து கிளம்பினாலும் ஓரிரவாவது தண்டவாளத்தின் மேல்தான் தூக்கம். இப்படிப் பயணம் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது: "ஸ்டேஷனும் இல்லை, சிக்னலும் இல்லை. ஏன் சார் வண்டி நின்றுவிட்டது?"

ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால், இந்தக் கேள்வி ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடுவதில்லை. கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், சங்கத்து விழாவில் கேட்கிறார்கள். பாதி நேரம் விடை ஒன்றுதான்: பிரேக். சிக்னல் கிடைக்காமல் நிற்பது வேறு விஷயம். திடீரென்று வண்டி நின்று, பத்து நிமிஷம் ஆட்கள் டார்ச் விளக்கோடு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனால், அது பெரும்பாலும் பிரேக் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். அந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கெடுகிறது, கெட்டால் நாம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

காற்று இருந்தால் ஓடும், போனால் நிற்கும்

சைக்கிளில் பிரேக் கைப்பிடியை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். காரிலும் அப்படியே, காலால் அழுத்தினால் பிடிக்கும். ரயிலில் விஷயம் தலைகீழ். எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகிறது. அதற்கு பிரேக் பைப் என்று பெயர். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிரம்பியிருக்கும் வரை பிரேக் விடுபட்டிருக்கும், வண்டி ஓடும். டிரைவர் அந்தக் காற்றில் கொஞ்சம் வெளியே விட்டால், அழுத்தம் குறைந்த அளவுக்கு எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கும்.

காற்று குறைந்தால் பிரேக் பிடிக்க, வேறு காற்று எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஒரு காற்றுத் தொட்டி உண்டு. வண்டி கிளம்புமுன்பே அதில் காற்று நிரம்பிவிடும். பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு என்ற ஒரு கருவி இருக்கிறது. குழாயில் அழுத்தம் குறைகிறது என்று தெரிந்தவுடன், தொட்டிக் காற்றை பிரேக் சிலிண்டருக்குள் திறந்து விடுவது அதன் வேலை. சிலிண்டர் தள்ள, கட்டை சக்கரத்தை இறுக்கும். குழாயில் மறுபடி அழுத்தம் ஏறினால் சிலிண்டரில் உள்ள காற்றை வெளியே விட்டுவிடும். வண்டி கிளம்பும் முன் அடியிலிருந்து "புஸ்" என்று வரும் ஓசை அதுதான்.

இந்தத் தலைகீழ் யோசனையின் அருமையை நினைத்துப் பாருங்கள். ஓடுகிற வண்டி நடுவில் இரண்டாக அறுந்தால் என்ன ஆகும்? குழாய் அறுந்து காற்று முழுவதும் வெளியேறும். இரண்டு துண்டுகளிலும் தானாகவே பிரேக் பிடித்துவிடும். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-இல் காப்புரிமை பெற்ற அவருடைய முதல் பிரேக், நேராகக் காற்றை அனுப்பிப் பிடிக்கிற வகை. குழாய் அறுந்தால் அது பயன்படாது. அந்தக் குறையைத் தீர்த்து, நான் மேலே சொன்ன தானியங்கி முறையை அவர் 1872-இல் கொண்டுவந்தார். ஆனாலும் எல்லா நாடுகளும் உடனே அதை ஏற்கவில்லை. அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரருகே 1889 ஜூன் 12-ஆம் தேதி, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற உல்லாசப் பயண வண்டி ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. பின்பகுதிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். தானாகப் பிடிக்கும் பிரேக் அந்தப் பெட்டிகளில் இல்லை. அவை பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதின. 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது வெற்றிட பிரேக். டிப்ளமோ முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களின் தொடக்கத்தில் பெரும்பாலான பயணிகள் வண்டிகளில் அதுதான். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வெற்றிடம் உண்டாக்கி வைப்பார்கள். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடிக்கும். தத்துவம் நல்லதுதான். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அதற்கு பலம் கிடையாது. எனவே பெரிய பெரிய சிலிண்டர்கள் வேண்டும். வண்டி நீளமானால் கடைசிப் பெட்டியில் பிடிப்பதற்குத் தாமதமாகும். இருபத்துநான்கு பெட்டி வண்டிகளை வேகமாக ஓட்ட அது போதாது. படிப்படியாகக் காற்று பிரேக் வந்தது.

பயணிகள் பெட்டிகளுக்கிடையே இரண்டு ரப்பர் குழாய்கள் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சை வர்ணம் அடித்தது நான் சொன்ன பிரேக் பைப். வெள்ளை வர்ணம் அடித்தது ஃபீட் பைப். அதில் 6 கிலோ அழுத்தத்தில் காற்று எப்போதும் வந்து தொட்டிகளை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

கிளம்பும் முன் நடக்கும் பரீட்சை

எஞ்சின் மாட்டியவுடன் வண்டி கிளம்பிவிடுவதில்லை. முதலில் காற்று ஏற வேண்டும். எஞ்சினில் பிரேக் பைப் 5 கிலோ காட்டினால், கடைசியில் கார்டு பெட்டியில் 4.8 கிலோவாவது காட்ட வேண்டும். (கார்டு என்ற பதவிக்கு 2022-இல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் நான் கார்டு என்றே எழுதுகிறேன்.) கசிவு நிமிஷத்துக்கு 0.2 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பிறகு டிரைவர் அழுத்தத்தைக் குறைப்பார். கார்டு தன் மீட்டரிலும் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். மறுபடி ஏற்றும்போது ஏறுகிறதா என்றும் பார்ப்பார். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை குழாய் அடைப்பில்லாமல் ஒன்றாக இருக்கிறது என்பதற்கு இதுதான் சாட்சி. இந்தச் சின்னப் பரீட்சை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரேக்குக்கு வரும் நோய்கள்

முதல் நோய், விடாப்பிடி. ஆங்கிலத்தில் பிரேக் பைண்டிங் என்போம். டிரைவர் பிரேக்கை விட்டுவிட்டார், எல்லாப் பெட்டியும் விட்டுவிட்டது, ஒரே ஒரு பெட்டியில் மட்டும் கட்டை சக்கரத்தைப் பிடித்தபடியே இருக்கிறது. எஞ்சின் பலத்துக்கு முன் ஒரு பெட்டியின் பிரேக் எம்மாத்திரம்? இழுத்துக்கொண்டே போகும். கட்டையும் சக்கரமும் சூடேறும். ரப்பரும் பிசினும் தீய்ந்தாற்போல ஒரு நாற்றம் வரும், பிறகு புகை, இரவானால் தீப்பொறி. சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டே போனால் அதன் வட்டத்தில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகும். அப்புறம் அந்தப் பெட்டியில் படுத்தவர்களுக்கு இரவு முழுவதும் "டக் டக் டக்" என்று தாலாட்டுதான்.

காரணங்கள் பல. டிஸ்ட்ரிபியூட்டர் வால்வில் தூசியோ ஈரமோ புகுந்திருக்கலாம். அடியிலுள்ள இரும்புக் கம்பிகள் வளைந்து சிக்கியிருக்கலாம். கார்டு பெட்டியின் கைபிரேக்கை முழுவதும் தளர்த்தாமல் விட்டிருக்கலாம். யாரோ இழுத்த அபாயச் சங்கிலியைச் சரியாகப் பழைய நிலைக்குத் திருப்பாமல் இருக்கலாம்.

வைத்தியம் எளிது. அந்தப் பெட்டியின் வால்வை மட்டும் குழாயிலிருந்து துண்டித்து, சிலிண்டரின் காற்றை இறக்கி, கட்டை தளர்ந்துவிட்டதா என்று கையால் ஆட்டிப் பார்த்து அனுப்புவோம். குழாய் வழியாக மற்றப் பெட்டிகளுக்குக் காற்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெட்டியில் பிரேக் இல்லை என்பது டிரைவருக்கும் கார்டுக்கும் எழுத்தில் தெரிவிக்கப்படும். மற்றப் பெட்டிகளின் பிரேக் போதுமானது.

புதிய எல்.எச்.பி. பெட்டிகளில் கட்டை சக்கரத்தின் மேல் பிடிப்பதில்லை. அச்சில் உள்ள தட்டைப் பிடிக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால், பெட்டியின் பக்கவாட்டில் சிறு ஜன்னல் வைத்து, பிரேக் பிடித்திருந்தால் சிவப்பு, விட்டிருந்தால் பச்சை காட்டும்படி செய்திருக்கிறார்கள். சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் கருவியும் அதில் உண்டு. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் செய்துவந்த பழைய மாதிரிப் பெட்டிகளை 2018-இல் நிறுத்திவிட்டு, முழுக்க இந்தப் புதிய மாதிரிகளுக்கு மாறிவிட்டது.

இரண்டாவது நோய் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு பெட்டியில் அல்ல, வண்டி முழுவதிலும் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டு விடாது. மத்திய இந்தியாவில் ஒரு ஜங்ஷனில் நான் இருந்தபோது, தெற்கே போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று எஞ்சின் மாற்றியபின் கிளம்ப மறுத்தது. புது எஞ்சின் முக்குகிறது, வண்டி அசையவில்லை. மீட்டரில் 5 கிலோ சரியாகக் காட்டுகிறது. டிரைவர் எஞ்சினில் குறையில்லை என்கிறார். பெட்டிப் பிரிவு இளைஞர்கள் பெட்டியில் குறையில்லை என்கிறார்கள். பயணிகள் கீழே இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர், நிதானமாக பீடியை அணைத்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "சாப், போன எஞ்சின் எவ்வளவு காற்று கொடுத்தது?"

அதுதான் கேள்வி. போன எஞ்சினின் வால்வு சரியாக இல்லாமல் 5 கிலோவுக்குப் பதில் 5.3 கிலோ ஏற்றியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் கண்ட்ரோல் ரிசர்வாயர் என்று ஒரு சிறு தொட்டி உண்டு. "சரியான அழுத்தம் இவ்வளவு" என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு அதோடு ஒப்பிட்டுத்தான் குழாயின் அழுத்தம் கூடியதா குறைந்ததா என்று முடிவு செய்யும். தொட்டியின் நினைவில் 5.3 இருக்கிறது. புது எஞ்சின் தருவதோ 5. வால்வு என்ன நினைக்கும்? "டிரைவர் அழுத்தத்தைக் குறைத்துவிட்டார், பிரேக் போடச் சொல்கிறார்" என்று நினைக்கும். அதன் மேல் குற்றமில்லை. எஜமான் மாறியது அதற்குத் தெரியாது.

மருந்து, ஒவ்வொரு பெட்டியாகப் போய் வால்வின் கைப்பிடியை இழுத்து, அந்தச் சிறு தொட்டியின் பழைய காற்றை வெளியேற்றுவது. ஃபிட்டர் ஒரு பக்கமும் இளைஞர்கள் மறுபக்கமுமாக வண்டி முழுவதும் நடந்தார்கள். பெட்டிக்குப் பெட்டி "புஸ்" என்று ஓசை. இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிட்டது. எஞ்சின் மாற்றும் இடத்தில் ஆட்கள் பெட்டி பெட்டியாகக் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால், இனி உங்களுக்குக் காரணம் தெரியும்.

மூன்றாவது நோய், கசிவு. ரப்பர் குழாய் வெடிப்பது, இணைப்பில் வளையம் தேய்வது போன்றவை. தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை. கசிந்தால் பிரேக் பிடிக்கும், வண்டி நிற்கும். குழாயை மாற்றிவிட்டுப் புறப்படலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது நான்காவதற்கு

வண்டியை நிற்க வைக்கிற கோளாறுக்கு ரயில்வேக்காரன் அஞ்சமாட்டான். நிற்கவேண்டிய வண்டியை நிற்கவிடாமல் செய்கிற கோளாறுக்குத்தான் அஞ்சுவான். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் குழாயை மூடித் திறக்க ஒரு திருகு உண்டு. ஆங்கிள் காக் என்போம். பெட்டியைக் கழற்றும்போது மூடுவதற்காக வைத்தது. ஓடுகிற வண்டியில் நடுவே ஒன்று மூடியிருந்தால், அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கும் டிரைவருக்கும் தொடர்பே இல்லை. டிரைவரின் மீட்டர் மட்டும் 5 கிலோ என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

பாரிஸ் நகரத்து கார் த லியோன் நிலையத்தில் 1988 ஜூன் 27-ஆம் தேதி நடந்தது இதுதான். புறநகர் வண்டி ஒன்றில் ஒரு பயணி அபாயக் கைப்பிடியை இழுத்தார். கோடைக்கால அட்டவணையில் அவர் இறங்கும் நிலையத்தில் அந்த வண்டி நிற்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. இழுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். டிரைவர் அதைச் சரிசெய்ய வந்தபோது, முதல் பெட்டிக்கும் இரண்டாவது பெட்டிக்கும் நடுவில் இருந்த பிரேக் பைப் திருகு தெரியாமல் மூடிக்கொண்டது. பின்பெட்டிகளுக்குக் காற்று போகவில்லை, பிரேக் விடவில்லை. குழாயில் ஏதோ காற்றடைப்பு என்று நினைத்து, டிரைவரும் கார்டும் பெட்டி பெட்டியாகக் காற்றை இறக்கி பிரேக்கைத் தளர்த்தினார்கள். வண்டி கிளம்பியது. முன்னால் உள்ள பெட்டியைத் தவிர வேறெதிலும் பிரேக் இல்லாமல் இறக்கத்தில் இறங்கி, நிலையத்துக்குள் நின்றிருந்த நெரிசலான வண்டியில் மோதியது. 56 பேர் மாண்டார்கள். நின்றிருந்த வண்டியின் டிரைவர், ஆபத்து வருகிறது என்று தெரிந்தும் ஓடாமல் கடைசி வரை பயணிகளை இறங்கச் சொல்லிக்கொண்டே இருந்து உயிர்விட்டார்.

பாருங்கள், நான் மேலே சொன்ன அதே வைத்தியம்தான், பெட்டிக்குப் பெட்டி காற்றை இறக்குவது. எங்கள் ஜங்ஷனில் அது வண்டியை ஓட வைத்தது, பாரிஸில் அது உயிர்களை வாங்கியது. எங்கள் ஃபிட்டர் முதலில் "ஏன்" என்று கேட்டார். காற்றை இறக்கிய பிறகு, கடைசிப் பெட்டி வரை மீட்டர் முள் ஏறி இறங்குகிறதா என்ற பரீட்சையும் மறுபடி நடந்தது. பிரேக் விடவில்லையென்றால் அதற்குக் காரணம் தெரியாமல் அதை விடுவிக்கக் கூடாது. விடுவித்தால் திரும்பவும் பிடிக்கிறதா என்று பார்க்காமல் நகரக் கூடாது. ரயிலானாலும் லாரியானாலும் இந்த இரண்டும் பொது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காற்று நிரந்தரமல்ல. எஞ்சினை நிறுத்தினால் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். நிறுத்தி வைக்கும் வண்டிக்குக் கைபிரேக்கும் சக்கரத்தடியில் கட்டையும்தான் துணை. கனடாவில் லாக் மெகாந்திக் என்ற ஊரில் 2013 ஜூலை 6-ஆம் தேதி அதிகாலை, மேட்டில் நிறுத்தி வைத்த எண்ணெய் வண்டி ஒன்று உருண்டு வந்து தீப்பிடித்து 47 பேரைப் பலிகொண்டது. எஞ்சினில் சிறு நெருப்பு வர, அதை அணைத்து எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். காற்று கசிந்து எஞ்சினின் பிரேக் தளர்ந்தது. போட்டிருந்த ஏழு கைபிரேக்குகள் அவ்வளவு கனத்தைத் தாங்கவில்லை. நம் நாட்டிலும் 2024 பிப்ரவரி 25-ஆம் தேதி, ஜம்முவின் கதுவாவில் நின்ற சரக்கு வண்டி டிரைவர் இல்லாமல் சுமார் 70 கிலோமீட்டர் உருண்டு பஞ்சாபின் ஊச்சி பஸ்ஸி அருகே நிறுத்தப்பட்டது. தெய்வாதீனமாக யாருக்கும் ஆபத்தில்லை.

புகையைக் கண்டு இறங்காதீர்கள்

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரி 22-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் மாவட்டத்தில், லக்னோவிலிருந்து மும்பை போன புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீப்பற்றிவிட்டது என்று ஒரு வதந்தி. யாரோ சங்கிலியை இழுத்தார்கள். வண்டி நின்றது. பலர் பதறிப்போய்ப் பக்கத்துத் தண்டவாளத்தில் குதித்தார்கள். எதிரே கர்நாடகா எக்ஸ்பிரஸ் வேகமாக வந்துகொண்டிருந்தது. குறைந்தது 12 பேர் இறந்தார்கள். பிரேக் விடாமல் பிடித்ததால் எழுந்த பொறி, அச்சு சூடேறியது என்பவை அன்றைக்கே காரணங்களாகப் பேசப்பட்டன. காரணம் எதுவானாலும், வண்டி அவர்களைக் கொல்லவில்லை. வண்டியிலேயே இருந்திருந்தால் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு செய்திக்காகத்தான். வீட்டில் பெரியவர்களுக்கும் தனியாக ஊருக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. சக்கரத்துப் பக்கம் தீய்ந்த நாற்றமோ புகையோ வந்தால், அது பெரும்பாலும் பிரேக்தான். பெட்டிக்குள் நெருப்பு என்று கத்தி மற்றவர்களைப் பதறவைக்காதீர்கள். டிக்கெட் பரிசோதகரிடமோ ஏ.சி. பெட்டி உதவியாளரிடமோ உடனே சொல்லுங்கள். 139 என்ற எண்ணுக்கும் பேசலாம். பெட்டி எண்ணையும் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேடுபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

2. பெட்டிக்குள்ளேயே தீயோ அடர்ந்த புகையோ கண்ணால் கண்டால் தயங்காமல் சங்கிலியை இழுங்கள். அதற்காகத்தான் வைத்திருக்கிறது. முதலில் குழந்தைகளோடு நடைவழியாக அடுத்த பெட்டிக்குப் போங்கள். பெட்டி, சாமான் எதையும் எடுக்க நிற்காதீர்கள்.

3. கட்டாயம் இறங்கத்தான் வேண்டும் என்றால், பக்கத்துத் தண்டவாளம் இல்லாத பக்கமாக இறங்கி, பாதையை விட்டு விலகி நில்லுங்கள். வளைவில் எதிர்வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது. நின்ற வண்டியின் இரைச்சலில் காதுக்கும் கேட்காது.

4. சங்கிலியை இழுத்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் பிரேக் பைப் காற்று வெளியேறும். டிரைவரின் மீட்டரில் முள் இறங்கும், வண்டி நிற்கும். எந்தப் பெட்டியில் இழுத்தது என்பதைப் பெட்டியின் முனையில் உள்ள அடையாளமும் காற்று சீறும் ஓசையும் காட்டிக்கொடுக்கும். யாராவது இருட்டில் ஜல்லிக் கற்களின் மேல் அங்கு வரை நடந்து வந்து, சாவியால் அதைத் திருப்பி, மறுபடி காற்று ஏற்றவேண்டும். பின்னால் வரும் வண்டிகளும் காத்துக் கிடக்கும். மச்சான் இன்னும் பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறார் என்பதற்காக இழுப்பது ரயில்வே சட்டம் 141-ஆம் பிரிவின்படி குற்றம். பாரிஸ் விபத்தின் முதல் கண்ணியும் காரணமில்லாமல் இழுத்த ஒரு கைப்பிடிதான்.

5. பெரிய நிலையங்களில் வண்டி உள்ளே நுழையும்போது பிளாட்பாரத்து முனையில் ஊழியர்கள் உட்கார்ந்து சக்கரங்களையே உற்றுப் பார்ப்பார்கள். தட்டைச் சக்கரத்தின் ஓசை, சூடான அச்சு, தொங்கும் கம்பி இவற்றைப் பிடிப்பது அவர்கள் வேலை. முன்பு புறங்கையை வைத்துச் சூடு பார்த்தோம். இப்போது துப்பாக்கி போன்ற வெப்பமானி வந்துவிட்டது. அவர்களிடம் "எங்கள் பெட்டியில் இரவு முழுதும் சத்தம்" என்று நீங்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வார்கள்.

சாலையிலும் அதே காற்று

சபரிமலைக்கோ திருப்பதிக்கோ சங்கத்தார் பஸ் பிடித்துப் போகிறோம். பெரிய பஸ்ஸிலும் லாரியிலும் காற்று பிரேக்தான். டிரைவர் காலையில் எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், "என்னப்பா, டீசல் வீணாகிறதே" என்று அவசரப்படுத்தாதீர்கள். மீட்டரில் காற்று ஏறவேண்டும். காற்றுத் தொட்டியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்கவேண்டும். வடிக்காவிட்டால் குழாய் துருப்பிடிக்கும், இமாலயக் குளிரில் உறைந்து வழியையே அடைத்துவிடும். மலை இறக்கத்தில் கீழ் கியரில் இறங்கும் டிரைவரே நல்ல டிரைவர். பிரேக்கை மட்டும் நம்பி அடிக்கடி மிதித்தால் காற்றும் செலவாகும், டிரம்மும் காய்ந்து பிடிப்பு குறையும்.

அமெரிக்காவில் பிள்ளைகளிடம் போய் வந்தவர்கள், பஸ் அளவு பெரிய வீட்டு வண்டி ஒன்று பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்வண்டியில் பெரும்பாலும் காற்று பிரேக். இழுபடும் காருக்குத் தனியாக ஒரு பிரேக் கருவி வைத்து, முன்வண்டி பிடிக்கும்போது அதுவும் பிடிக்கச் செய்கிறார்கள். இணைப்பு அறுந்தால் காரில் தானாகவே பிரேக் விழ ஒரு கம்பியும் உண்டு. வெஸ்டிங்ஹவுஸின் யோசனையேதான். அங்கும் அதே இரண்டு நோய்கள். காரின் பிரேக் விடாமல் இழுபட்டால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. டயர் புகைந்த பின், பின்னால் வருபவர் கைகாட்டித்தான் தெரியும். எனவே கிளம்பி முதல் சில மைலிலேயே ஓரம் கட்டி, காரின் நான்கு சக்கரங்களிலும் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மூன்று சக்கரம் இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் நோயாளி. ஒருவரை முன்வண்டியில் பிரேக் போடச் சொல்லி, பின்காரில் பிடிக்கிறதா, விட்டபின் விடுகிறதா என்று மற்றவர் பார்க்கவேண்டும். எங்கள் கார்டும் டிரைவரும் செய்கிற அதே பரீட்சைதான். பிள்ளைகள் அப்படிப் பயணம் போனால் இதை மட்டும் சொல்லிவையுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நள்ளிரவில் வண்டி நின்று, ஜன்னலுக்கு வெளியே இரண்டு டார்ச் விளக்குகள் மெல்ல நகர்ந்தால், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுங்கள். பெட்டிக்கடியில் "புஸ்" என்று கேட்கும். சற்று நேரத்தில் வண்டி நகரும். கீழே இறங்கி வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள்.